வீட்டிலேயே நிலைமின் சோதனைகள்: தேய்ப்பதில் தொடங்கி எலுமிச்சை மின்கலம் வரை

சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துணுக்குகளுக்கு மேலே பிடித்தால் அவை துள்ளி வந்து ஒட்டும் என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. பிள்ளை வீட்டில் செய்து பார்க்கிறது. ஒரு துணுக்குகூட அசைவதில்லை. தலையில் தேங்காய் எண்ணெய், அறையில் ஈரக்காற்று, சீப்பில் விரல் வியர்வை. இந்த மூன்றில் ஒன்றே போதும், சோதனை படுத்துவிடும். பிள்ளை தன்மேல்தான் தப்பு என்று நினைத்து விட்டுவிடுகிறது. அந்த இடத்தில்தான் எனக்கு வருத்தம்.

எங்கள் தெருப் பிள்ளைகளோடு பலமுறை செய்து, எங்கே சறுக்குகிறார்கள் என்று பார்த்த பிறகு எழுதுகிறேன். படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கு வேண்டிய கருவியையோ அறிவையோ தந்துவிட்டுப் போகும்.

1. முதலில், தொடக்கூடாதவை

வீட்டு மின்சாரம் 230 வோல்ட். இந்த வழிகாட்டியில் எந்தச் சோதனைக்கும் சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட் தேவையில்லை. கம்பி, ஆணி, டெஸ்டர் எதையும் பிள்ளைகள் அதன் பக்கம் கொண்டு போகக்கூடாது. செய்முறை தொடங்குவதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுங்கள், நடுவில் சொன்னால் காதில் ஏறாது.

கொசு பேட், மின்விசிறி கண்டென்சர், பழைய டியூப் டிவி, இன்வெர்ட்டர் பேட்டரி, செல்போன் பேட்டரி, இவற்றைப் பிரிக்க வேண்டாம். முதல் மூன்றும் இணைப்பைத் துண்டித்த பிறகும் மின்னூட்டத்தைத் தேக்கி வைத்திருக்கக்கூடியவை. பேட்டரிகள் குறுக்குச்சுற்று (ஷார்ட் சர்க்யூட்) ஆனால் தீப்பிடிக்கும்.

சமையலறையில் செய்யாதீர்கள். 9-ஆம் படியில் வரும் சிறு பொறி உடம்புக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் கசிந்த சமையல் எரிவாயு பற்றிக்கொள்ள ஒரு மில்லிஜூலில் கால் பங்கு ஆற்றலே போதும், அந்தப் பொறியில் அதைவிட அதிகம் இருக்கலாம். இதே காரணத்துக்காக சானிடைசர், பெட்ரோல், தின்னர் எதுவும் அருகில் வேண்டாம். பேஸ்மேக்கர் வைத்தவர்களும் காதுக்கருவி அணிந்தவர்களும் பொறி வரும் சோதனையில் தள்ளி உட்காரட்டும்.

2. நாளையும் நேரத்தையும் தேர்ந்தெடுங்கள்

நிலைமின்னுக்கு, அதாவது தேய்க்கும்போது பொருளில் தேங்கி நிற்கும் மின்னூட்டத்துக்கு, பகை ஈரம். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் பொருள்களின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிகிறது. நீங்கள் தேய்த்துச் சேர்த்த மின்னூட்டம் அந்தப் படலம் வழியாகக் கைக்கும் தரைக்கும் ஓடிவிடும். 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எல்லாமே எளிது.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழை நாள்கள் ஆகவே ஆகாது. சென்னையில் கோடையில் கடற்காற்று வீசத் தொடங்குவதற்கு முந்தைய முற்பகல் நல்ல நேரம். தரைக்காற்று அடிக்கும்வரை காற்று உலர்ந்திருக்கும், கடற்காற்று வந்ததும் நிலைமை மாறிவிடும். கோவைப் பக்கம் மாசி, பங்குனியில் பெரும்பாலான பகல்கள் ஒத்துழைக்கும்.

நாள் சரியில்லை என்றால் ஏசி அறையில் கதவைச் சாத்திவிட்டு அரை மணி நேரம் கழித்துச் செய்யலாம். ஏசி குளிர்விக்கும்போதே காற்றிலிருந்து நீரையும் பிரித்து வெளியே விடுகிறது. ஏர்கூலர் நேர்மாறு. அது ஈரத்தைக் கூட்டும்.

3. சேகரிக்க வேண்டியவை

எலக்ட்ரிக்கல் கடையில் வயரிங்குக்கு விற்கும் பிவிசி பைப் அரை மீட்டர். பிளாஸ்டிக் சீப்பு, ஸ்கேல் எல்லாவற்றையும்விட இது நன்றாக வேலை செய்கிறது. பழைய செய்முறைகளில் வரும் பிளாஸ்டிக் ஸ்ட்ராவைத் தேடி அலைய வேண்டாம், தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் அதற்குத் தடை.

தேய்க்கக் கம்பளித் துணி: பழைய ஸ்வெட்டர், மப்ளர், குரங்குக் குல்லா எதுவும் ஆகும். ஃபேப்ரிக் கண்டிஷனர் போட்டுத் துவைத்ததாக மட்டும் இருக்கக்கூடாது. துணியில் மின்னூட்டம் தங்காமல் செய்வதும் அதன் வேலைகளில் ஒன்று. இந்தக் காரணம் தெரியாமல் ஒரு மாலை முழுக்கத் தேய்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

இவற்றோடு செல்லோ டேப், ஒரு பெரிய தெர்மாகோல் அட்டை, சமையலறை அலுமினியத் தாள், ஓரம் மழுங்கிய அலுமினியத் தட்டு, அகன்ற வாயுள்ள கண்ணாடி ஜாடி, பிளாஸ்டிக் உறை இல்லாத பெரிய ஜெம் கிளிப், குண்டூசி, அழிப்பான், நியான் விளக்கு உள்ள லைன் டெஸ்டர். கடைசிச் சோதனைக்கு மட்டும் நான்கு எலுமிச்சை, துத்தநாகம் பூசிய ஆணிகள், செம்புக் கம்பி, சிவப்பு எல்இடி.

4. உலர்த்துங்கள்: எல்லாரும் தாவிவிடும் படி

பைப்பையும் ஜாடியையும் சோப்பு போட்டுக் கழுவி, சோப்பின் வழவழப்பு போகும்வரை தண்ணீரில் அலசுங்கள். விரல் படும்போது ஒட்டும் உப்பும் எண்ணெயும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். மிச்சமிருக்கும் சோப்பும் அப்படித்தான்.

பிறகு துணியோடு சேர்த்து எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் வெயிலில் காயவையுங்கள். ஹேர் டிரையர் இருந்தால் சோதனைக்குச் சற்று முன்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம் காட்டலாம். பைப் இளஞ்சூடாக இருந்தாலே போதும், அதிகம் சூடாக்கினால் வளைந்துவிடும்.

காய்ந்த பிறகு பைப்பின் ஒரு முனையில் டேப் சுற்றி அடையாளம் வையுங்கள். அந்த முனை பிடிக்க, மறுமுனை தேய்க்க. தேய்த்த பகுதியைக் கையால் தொட்டுப் பார்ப்பது பிள்ளைகளின் இயல்பு, தொட்ட இடத்து மின்னூட்டம் அத்தோடு போச்சு.

5. முதல் சோதனை செல்லோ டேப்பில்

சீப்பில் தொடங்காமல் டேப்பில் தொடங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சுருளிலிருந்து இப்போதுதான் உரித்த டேப்பின் பரப்பு புதியது. ஈரமோ அழுக்கோ படிய அதற்கு நேரமே கிடைத்திருக்காது. அதனால் சுமாரான நாளிலும் இது நடக்கும். தொடக்கத்திலேயே ஒரு வெற்றி கிடைத்தால் பிள்ளைகள் பொறுமையாக மற்றவற்றுக்கும் உட்காருவார்கள்.

மேசையில் ஒரு நீள டேப் ஒட்டித் தேய்த்துவிடுங்கள். இது அடித்தளம். ஒவ்வொரு மேசையின் பரப்பும் ஒவ்வொரு மாதிரி, அடித்தளம் ஒட்டினால் எல்லார் வீட்டிலும் ஒரே பரப்பு கிடைக்கும்.

அதன்மேல் 12 சென்டிமீட்டர் டேப் ஒன்று, அதன் நுனியை மடித்துப் பிடி செய்து 'கீ' என்று எழுதுங்கள். அதற்கு மேல் அதே நீளத்தில் இன்னொன்று, இதற்கு 'மே'. கீழ், மேல் என்பதன் சுருக்கம். பக்கத்திலேயே இதே போல இன்னொரு ஜோடியும் ஒட்டுங்கள்.

ஒரு ஜோடியை அடித்தளத்திலிருந்து மெதுவாகச் சேர்த்து உரியுங்கள். உரித்ததும் பசையில்லாத பக்கத்தை விரலால் மேலிருந்து கீழ்வரை நீவிவிடுங்கள். இதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். அடித்தளத்தை விட்டு வரும்போதே ஜோடி மொத்தமும் மின்னூட்டம் பெற்றுவிடுகிறது. நீவினால் அது விரல் வழியே போய்விடும். நீவாமல் விட்டால் பின்னால் வரும் முடிவு குழம்பும்.

இப்போது இரண்டையும் வெடுக்கென்று பிரித்து, தனித்தனியாக மேசை விளிம்பில் தொங்கவிடுங்கள். அடுத்த ஜோடியையும் அப்படியே பிரியுங்கள். 'கீ'யும் 'மே'யும் ஒன்றையொன்று இழுக்கும். இரண்டு 'கீ'கள் விலகும், இரண்டு 'மே'க்களும் விலகும். ஒன்று இழந்த எலக்ட்ரான்களை மற்றது பெற்றிருக்கிறது என்பதை இதைவிட எளிதாகக் காட்டும் வழி எனக்குத் தெரியவில்லை.

டேப் கையைச் சுற்றிக்கொண்டு தொல்லை கொடுக்கும். அதையும் ஒரு பாடமாக்குங்கள். விரலைக் காட்டினால் 'கீ', 'மே' இரண்டுமே விரலை நோக்கி வரும். மின்னூட்டமே இல்லாத விரலும் இழுக்கிறது அல்லவா? ஆக, இழுப்பது மட்டும் இரண்டிலும் மின்னூட்டம் இருக்கிறது என்று நிரூபிக்காது. ஒன்றையொன்று தள்ளினால்தான் இரண்டிலும் ஒரே வகை மின்னூட்டம் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம். இனி வரும் எல்லாச் சோதனைகளுக்கும் இந்த ஒரு விதி வேண்டும்.

6. பைப்பை மின்னேற்றுங்கள்

உலர்ந்த கம்பளியால் பைப்பை இறுக்கிப் பிடித்து ஒரே திசையில் பத்துப் பதினைந்து முறை வேகமாக இழுங்கள். வெறும் உராய்வுச் சூடு மின்னூட்டம் தராது. இரண்டு பரப்புகளும் நிறைய இடங்களில் தொட்டுப் பிரிய வேண்டும், அதற்குத்தான் இறுக்கம்.

கம்பளியில் தேய்த்த பிவிசி எதிர் (நெகட்டிவ்) மின்னூட்டம் பெறும். இதைத் தொங்கும் டேப்புகளிடம் கொண்டு போங்கள். எது விலகி ஓடுகிறதோ அது எதிர் மின்னூட்டம் உடையது. இனி உங்களிடம் குறி (நேரா, எதிரா என்பது) அறிந்த டேப் இருக்கிறது, வேறு எந்தப் பொருளையும் அதை வைத்துச் சோதிக்கலாம்.

அடுத்து ஒரு சுட்டி. 8 சென்டிமீட்டர் காகிதப் பட்டையை நீளவாக்கில் மடித்து, நடுவில் கிள்ளி, அழிப்பானில் நட்ட குண்டூசி முனையில் நிற்க வையுங்கள். ஊசி காகிதத்தைத் துளைத்துவிடக்கூடாது, துளைத்தால் சுழலாது. மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பைப்பைக் காட்டினால் சுட்டி அரையடி தூரத்திலிருந்தே திரும்பும். காலி அலுமினியக் குளிர்பான டின்னைத் தரையில் படுக்க வைத்துப் பைப்பைக் காட்டினால், உருண்டு பின்னாலேயே வரும்.

குழாயில் நூல்போல விழும் தண்ணீரும் பைப்பை நோக்கி வளையும். பைப் எதிர் மின்னூட்டம் உடையது என்பதால் தாரையில் இருக்கும் எதிர் மின்னூட்டம் தள்ளப்பட்டுக் குழாய் வழியே விலகுகிறது. விழும் துளிகளில் நேர் மின்னூட்டம் மிஞ்சுகிறது. இதை மட்டும் கடைசியில் செய்யுங்கள். பைப்பில் ஒரு துளி பட்டாலும் மறுபடி உலர்த்த வேண்டும்.

7. நிலைமின்காட்டி செய்யுங்கள்

ஒரு பொருளில் மின்னூட்டம் இருக்கிறதா என்று இரண்டு உலோக இலைகள் விரிந்து காட்டும் கருவி இது. இதற்கு நேரம் ஒதுக்குங்கள். இது ஒன்று சரியாக அமைந்துவிட்டால் எத்தனையோ மாலைகள் இதோடு போகும்.

ஜாடியின் உலோக மூடியைத் தூக்கி வைத்துவிடுங்கள். தெர்மாகோலை ஜாடி வாய்க்கு இறுக்கமாகப் பொருந்தும்படி வெட்டி மூடியாக்குங்கள். பலர் காகித அட்டையை வெட்டிப் போடுகிறார்கள். அட்டை ஈரத்தை உறிஞ்சும், மின்னூட்டம் அதன் வழியே கசியும். கருவி வேலை செய்யவில்லை என்று வருபவர்களிடம் நான் முதலில் மூடியைத்தான் பார்ப்பேன்.

ஜெம் கிளிப்பை நேராக்கி, அடிமுனையை மட்டும் சிறு கொக்கியாக விட்டு, மூடியின் நடுவே மேல்நோக்கிச் செருகுங்கள். கம்பி கண்ணாடியை எங்கும் தொடக்கூடாது.

இலைகளுக்கு அலுமினியத் தாளில் 4 சென்டிமீட்டர் நீளம், அரை சென்டிமீட்டர் அகலத்தில் இரண்டு பட்டைகள். கண்ணாடி மேல் வைத்துக் கரண்டியின் முதுகால் சுருக்கமில்லாமல் நீவுங்கள். மேல்முனையில் ஊசியால் துளையிட்டு இரண்டையும் கொக்கியில் கோத்துவிடுங்கள். டேப் போட்டு ஒட்டாதீர்கள். ஒட்டினால் இலை விறைத்து நிற்கும், பசை நடுவில் புகுந்து உலோகத் தொடர்பையும் தடுக்கும். இலை ஊஞ்சல் போல ஆடினால்தான் சிறு மின்னூட்டமும் தெரியும்.

கம்பியின் மேல்முனையில் அலுமினியத் தாளைக் கோலிக்குண்டு அளவு உருட்டிச் செருகுங்கள். முனை கூராக இருந்தால் மின்னூட்டம் அங்கே குவிந்து காற்றில் கசிந்துவிடும். ஷூ பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் கிடைத்தால் ஜாடிக்குள் போட்டு மூடுங்கள், உள்காற்று உலர்ந்தே இருக்கும்.

தேய்த்த பைப்பை உருண்டைக்கு மேலே, தொடாமல், காட்டுங்கள். இலைகள் விரியும். எடுத்தால் சேரும். பிறகு பைப்பை உருண்டையின்மேல் உருட்டித் தேய்த்துவிட்டு எடுங்கள், விரிந்தபடியே நிற்கும். பைப் மின்கடத்தாப் பொருள் என்பதால் ஓரிடத்தில் தொட்டால் அந்த இடத்து மின்னூட்டம் மட்டுமே இறங்கும், அதனால்தான் உருட்டச் சொல்கிறேன்.

இலைகள் சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரம் பாருங்கள். பல நிமிடங்கள் நின்றால் நாள் உலர்ந்தது. சில நொடிகளில் விழுந்தால் மறுபடி உலர்த்திவிட்டுத் தொடருங்கள்.

8. தொடாமலே மின்னேற்றுவது

இதில் எல்லாம் வரிசைதான். பைப்பை உருண்டைக்கு அருகில் கொண்டுவந்து அசையாமல் பிடியுங்கள். மறு கை விரலால் உருண்டையைத் தொடுங்கள், இலைகள் விழும். முதலில் விரலை எடுங்கள். அதன் பிறகுதான் பைப்பை எடுக்க வேண்டும். இலைகள் மறுபடி விரிந்து நிற்கும்.

பைப்பின் எதிர் மின்னூட்டம் தள்ளியதால் எலக்ட்ரான்கள் விரல் வழியே வெளியேறுகின்றன. விரலை எடுத்ததும் திரும்பும் வழி அடைபடுகிறது. நிலைமின்காட்டியில் நேர் மின்னூட்டம் மிஞ்சுகிறது. பைப்பை முதலில் எடுத்துவிட்டால் எலக்ட்ரான்கள் அதே விரல் வழியே திரும்பி வந்துவிடும், ஒன்றும் மிஞ்சாது. பத்தில் எட்டுப் பேர் முதல் தடவை இப்படித்தான் செய்கிறார்கள்.

இப்போது குறியைச் சோதிக்கலாம். மின்னேறிய காட்டியிடம் ஒரு பொருளைக் கொண்டு போகும்போது இலைகள் இன்னும் விரிந்தால், இரண்டும் ஒரே வகை. சுருங்கினால் அவசரப்பட்டு எதிர்வகை என்று சொல்லிவிடாதீர்கள். வெறும் கையைக் காட்டினாலும் இலைகள் சுருங்கும். டேப்பில் பார்த்த அதே விதிதான்.

9. தட்டில் பொறி எடுப்பது

முன்படியில் பழகிய வரிசைதான் இங்கும். மெலிந்த அலுமினியத் தட்டின் உட்பக்க நடுவில் ஒரு தெர்மாகோல் கட்டையை ஒட்டிக் கைப்பிடி ஆக்குங்கள். பசை நன்றாகக் காயட்டும். சில பசைகள் தெர்மாகோலைக் கரைத்துவிடும், இரட்டைப் பக்க டேப் பாதுகாப்பு.

தெர்மாகோல் அட்டையைக் கம்பளியால் ஒரு நிமிடம் முழுப் பரப்பிலும் தேய்த்துத் தரையில் வையுங்கள். கைப்பிடியைப் பிடித்துத் தட்டை அதன்மேல் வையுங்கள். தட்டின் விளிம்பை விரலால் ஒரு கணம் தொட்டு விரலை எடுத்துவிடுங்கள். இப்போது கைப்பிடியால் தட்டைத் தூக்கி, விரல் முட்டியை விளிம்புக்கு அருகில் கொண்டு போங்கள். 'டிக்' என்ற சத்தத்தோடு பொறி பாயும்.

தட்டை மறுபடி வைத்து, தொட்டு, தூக்கினால் மறுபடியும் பொறி. தெர்மாகோலைத் திரும்பத் தேய்க்கத் தேவையில்லை, அதன் மின்னூட்டம் செலவாகவில்லை. அப்படியானால் ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். ஒன்றையொன்று இழுக்கும் தட்டையும் தெர்மாகோலையும் பிரிக்க உங்கள் கை செய்யும் வேலைதான் ஒவ்வொரு பொறியாகவும் வருகிறது.

தட்டை விரலால் தொட மறப்பதும், தொட்ட விரலை எடுக்காமலே தூக்குவதும் இதில் வழக்கமான தவறுகள். அலுமினியத் தாளை அட்டையில் சுற்றித் தட்டாக்குகிறவர்களுக்கு மூலைகளில் கசிவு இருக்கும், வட்டமாக வெட்டி ஓரத்தை உருட்டிவிடுங்கள்.

விளக்கை அணைத்துவிட்டு டெஸ்டரை எடுங்கள். அதன் தலையில் இருக்கும் உலோகத்தை விரலால் தொட்டபடி, நுனியைத் தூக்கிய தட்டில் வையுங்கள். நியான் விளக்கு ஒரு கணம் மின்னும். கூர்ந்து பார்த்தால் உள்ளே இருக்கும் இரண்டு கம்பிகளில் உங்கள் கைப்பக்கத்துக் கம்பி மட்டும் ஒளிரும். நியானில் எதிர்முனைதான் ஒளிரும், ஆக, தட்டு நேர்முனை. 8-ஆம் படியில் கண்ட முடிவு இங்கே கண்ணுக்கே தெரிகிறது.

காற்றில் ஒரு மில்லிமீட்டர் பொறி பாய ஏறக்குறைய 3,000 வோல்ட் வேண்டும். கையில் அடித்தும் வலிக்காததற்குக் காரணம் தட்டில் தேங்கும் மின்னூட்டம் மிகச் சிறியது என்பதுதான். இதனால்தான் அலுமினியத் தாள் சுற்றிய பாட்டிலில் இந்த மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் லெய்டன் ஜாடியை நான் பிள்ளைகளோடு செய்வதில்லை. சேரச் சேர அதிர்ச்சி வலுக்கும்.

10. நிற்கும் மின்னூட்டத்திலிருந்து ஓடும் மின்னோட்டத்துக்கு

எலுமிச்சையை உள்ளங்கையால் அழுத்தி உருட்டுங்கள், உள்ளே சாறு பரவட்டும். ஒவ்வொரு பழத்திலும் துத்தநாகம் பூசிய ஆணி ஒன்றும், உறை உரித்த செம்புக் கம்பி ஒன்றும் 2 சென்டிமீட்டர் இடைவெளியில் குத்துங்கள். உள்ளே இரண்டும் தொட்டுக்கொள்ளக் கூடாது. தகரக் கூரைக்கு அடிக்கும் ஆணி பொருத்தமானது. வெறும் இரும்பு ஆணி போட்டால் வோல்ட் வெகுவாகக் குறையும்.

ஒரு பழத்துக்கு ஏறக்குறைய 0.9 வோல்ட் கிடைக்கும். முதல் பழத்தின் செம்பை அடுத்த பழத்தின் ஆணியோடு, அப்படியே நான்கையும் தொடராக இணையுங்கள். கடைசியில் மிஞ்சும் செம்பு நேர்முனை, அதில் எல்இடியின் நீளமான கால், முதல் பழத்தில் மிஞ்சும் ஆணியில் குட்டையான கால். சிவப்பு எல்இடிக்கு 2 வோல்ட் அளவு போதும். வெள்ளைக்கும் நீலத்துக்கும் 3 வோல்ட் வேண்டும், அவற்றில் தொடங்க வேண்டாம்.

ஒளி மங்கலாகத்தான் இருக்கும். கையைக் குவித்து நிழலில் பாருங்கள். எரியவில்லை என்றால் கால்களை மாற்றிப் போடுங்கள், பிறகு ஒவ்வொரு இணைப்பையும் முறுக்கிப் பாருங்கள். நான்கு ஜோடியையும் ஒரே பழத்தில் குத்தி வோல்ட் கூடும் என்று எதிர்பார்ப்பவர்கள் உண்டு. எல்லாம் ஒரே சாற்றில் நிற்பதால் கூடாது, தனித்தனிப் பழமோ பாதியாக வெட்டித் தனித்து வைத்த துண்டோ வேண்டும்.

தட்டில் ஆயிரக்கணக்கான வோல்ட் இருந்தும் டெஸ்டர் ஒரு கணம்தான் மின்னியது. இங்கே நான்கு வோல்ட்கூட இல்லை, ஆனால் எல்இடி தொடர்ந்து எரிகிறது. தட்டில் மொத்தமாக இருந்த மின்னூட்டத்தைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல் ஒவ்வொரு நொடியும் இந்தக் கம்பியில் ஓடிக்கொண்டிருக்கிறது. துத்தநாகம் கரையக் கரைய அது வந்துகொண்டே இருக்கும். ஆற்றலைத் தருவது பழம் அல்ல, கரையும் துத்தநாகம். சாறு வழிவிடுகிறது, அவ்வளவே. எலுமிச்சை விலை ஏறியிருக்கும் நாளில் வேகவைத்த உருளைக்கிழங்கு போடலாம். வெந்ததில் உள்மின்தடை குறைவு, பச்சைக் கிழங்கைவிட நன்றாக எரியும்.

முடிந்ததும் பழங்களைக் குப்பையில் போடுங்கள். உலோகம் கரைந்திருப்பதால் சாப்பிடவோ சாறு பிழியவோ கூடாது. ஆணிகளைக் கழுவித் துடைத்து வையுங்கள். நிலைமின்காட்டியைச் சிலிக்கா ஜெல்லோடு ஒரு மூடிய டப்பாவுக்குள் வைத்தால், அடுத்த முறை உலர்த்தும் வேலை பாதியாகக் குறையும்.